கிளட்ச் வேலை: வீட்டு வாசலில் செய்யலாமா?

பலர் கேட்ட கேள்விகளுக்கு, மாருதி 800, பழைய ஆல்ட்டோ மாதிரி கேபிள் கிளட்ச் (பெடல் ஒரு கம்பி வழியாகக் கிளட்சை இழுக்கும்) வண்டிகளை வைத்துச் சொல்கிறேன்.

அண்ணா, மேட்டில் எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் போய்விட்டதா?

பெரும்பாலும் அதுதான் தம்பி. ஆனால் பிரிப்பதற்கு முன் கேபிளைப் பாருங்கள். பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்சை இழுக்கத் தொடங்கும் முன் பெடல் லேசாக இறங்கும் தூரம்) இல்லாமல் இறுக்கியிருந்தால் நல்ல பிளேட்டும் ஸ்லிப் ஆகும், அதாவது பிடிக்காமல் வழுக்கும். கேபிள் நட்டைத் தளர்த்தியும் அதே கதை என்றால், கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான்.

தனி ஆளாக இறக்கலாமா?

வேண்டாம், கூட ஒருவர் வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டைக் கழற்றினால் எஞ்சின் ஒரு பக்கம் தொங்கும், அதற்கும் முட்டு கொடுங்கள். கியர் ஆயிலை வடித்த பிறகே ஆக்ஸிலை (சக்கரத்துக்குப் போகும் தண்டை) உருவுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டேன். அன்று கட்டியிருந்த லுங்கி இப்போது கை துடைக்கிற துணி.

ஃப்ளைவீலையும் மாற்றணுமா சார்? கடையில் செட்டாக எடுக்கச் சொல்கிறார்கள்.

செட் என்றால் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மூன்றையும் எடுங்கள், ஒரு பேரிங்குக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்குவது கொடுமை. ஃப்ளைவீல், அதாவது எஞ்சின் கிராங்க் தண்டின் முனையில் பிளேட் ஒட்டிப் பிடிக்கும் கனமான சக்கரம், தனிக் கணக்கு. முகத்தைத் துடைத்துவிட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகத்தை இழுங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினாலோ, நீலம் பாய்ந்த திட்டு தெரிந்தாலோ லேத்தில் கொடுத்துச் சீவலாம். ஆழமான விரிசல் என்றால் புதிதுதான். சில டீசல் கார்களில் வரும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம்) வேறு சாதி, அதை லேத் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஃப்ளைவீல் கழன்றிருக்கும்போதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். அது கசிந்தால் புதுப் பிளேட் வீண். ஃப்ளைவீல் போல்ட்டுகளும் புதிதாக இருக்கட்டும். எதிரெதிராக, படிப்படியாக, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள்.

உள்ளே இருக்கிற தூசியை ஏர் அடித்து ஊதலாமா?

கூடாது. பழைய பிளேட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

திரும்ப மாட்டும்போது கியர்பாக்ஸ் கடைசி ஒரு விரற்கடை உள்ளே போகமாட்டேன் என்கிறது. போல்ட் போட்டு இழுத்துவிடவா?

ஐயோ, இழுக்காதீர்கள், ஹவுசிங் உடையும். பிளேட் நடுவில் உட்காரவில்லை. தெரிந்த மெக்கானிக்கிடம் பழைய இன்புட் ஷாஃப்ட் (பிளேட்டுக்குள் நுழையும் கியர்பாக்ஸ் தண்டு) ஒன்று கிடக்கும். பிரஷர் பிளேட் போல்ட்டைத் தளர்த்தி, அந்த ஷாஃப்ட்டைச் செருகி நடுவாக்கி, மறுபடி முறுக்குங்கள். பிளேட்டின் ஸ்பிரிங் மேடு கியர்பாக்ஸ் பக்கம்தானே இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கியரில் போட்டு, கூட இருப்பவரை எஞ்சின் புல்லியை ஸ்பேனரால் மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். ஷாஃப்ட்டின் பல்லும் பிளேட்டின் பல்லும் சேர்ந்ததும் பாக்ஸ் தானாகவே உள்ளே போய்விடும்.