30 எம்பிபிஎஸ் இணைய வேகம் இருந்தும் ஆப் அழைப்பில் குரல் ஏன் பிந்துகிறது?

கேள்வி: வீட்டில் 4ஜி ரவுட்டர். டவுன்லோடு 30, அப்லோடு 2 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனாலும் ராத்திரியில் ஆப் வழியாக மகளோடு பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துகிறோம். சாதாரண போன் காலில் இந்தத் தொல்லை இல்லை. பெரிய பிளானுக்கு மாறலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில், அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய போனாவது போட்டோ, வீடியோக்களை கிளவுடுக்கு ஏற்றுகிறதா என்று பாருங்கள்.

பேச்சுக்கு வேகம் அதிகம் வேண்டாம். பெரும்பாலும் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் (சிறு டேட்டா பொட்டலம்), அதாவது நொடிக்கு 50. மொத்தமே 100 கேபிபிஎஸ்-ஐ (0.1 எம்பிபிஎஸ்) எட்டுவது அரிது. சிக்கல் வரிசையில் இருக்கிறது. தீப்பெட்டி வாங்க வந்தவர், மாதச் சாமான் பட்டியலோடு நிற்பவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கதைதான். ரவுட்டரின் பஃபரில் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) உங்கள் குரலுக்கு முன்னால் 500 கிலோபைட் வீடியோ நிற்கிறது என்று வையுங்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆக அது 4 மெகாபிட்; 2 எம்பிபிஎஸ்-இல் கரைய 2 வினாடி. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது ஐடியு-வின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) அளவுகோல்.

பாக்கெட் தொலையக் கூடாதென்று பஃபரைப் பெரிதாக வைத்ததே வினையானது. ஃபைல் அனுப்பும் முறையான டிசிபி, பொதுவாகப் பாக்கெட் தொலைந்தால்தான் வேகத்தைக் குறைக்கும். தொலையவே இல்லையென்றால்? நிரப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். வயர்லெஸ்ஸில் இது இன்னும் மோசம்: 20 எம்பிபிஎஸ்-க்குப் பொருத்தமான பஃபர், சிக்னல் சரிந்து 2 ஆகும்போது பத்து மடங்கு நீண்ட வரிசையாகிவிடும்.

அப்புறம், சாதாரண கால் ஏன் தப்பிக்கிறது? வோல்ட்டி (4ஜி-யில் போகும் சாதாரண கால்) அழைப்புக்கு நெட்வொர்க்கே தனிப் பாதை ஒதுக்குகிறது. ஆப் அழைப்போ உங்கள் மற்ற டேட்டாவோடு கலந்து போகிறது.

சோதிக்க, லேப்டாப்பில் 8.8.8.8 என்ற கூகுள் சர்வருக்கு பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, ஒரு பெரிய வீடியோவை அப்லோடு செய்யுங்கள். 50 மில்லிசெகண்டில் இருந்த எண் 1000, 2000 என ஏறினால் குற்றவாளி வரிசைதான். ஏறவில்லையா? அப்லோடை நிறுத்திவிட்டு, ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். வைஃபை சிக்னலாக இருக்கலாம்.

சுலபமான வழி, பேக்கப்பை நீங்கள் தூங்கும் நேரத்துக்குத் தள்ளுவது. அது முடியாவிட்டால், வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் வசதியுள்ள ரவுட்டர் (ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம்). அப்லோடு வரம்பை, நிஜத்தில் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவாக, 1.7 என்று கொடுங்கள். அப்போது வரிசை, நீங்கள் ஆளக்கூடிய ரவுட்டருக்குள்ளேயே நிற்கும். அது ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை போட்டு, தேங்கும் ஃபைல் பாக்கெட்டுகளைச் சீக்கிரமே தூக்கி எறியும். எறிவதுதான் இங்கே வைத்தியம்.

4ஜி-யில் வேகம் ஏறி இறங்கும். அதனால் ராத்திரி நெரிசலில் அளந்த எண்ணையே கணக்கில் எடுங்கள். பகலில் கொஞ்சம் வேகம் வீணாகும், போகட்டும். பிறகு அதே பிங் சோதனை. இன்னும் ஏறினால் 1.5-க்கு இறக்குங்கள்.