புல்லட் ரயிலின் மூக்கு மீன்கொத்தியின் அலகு மாதிரி இருப்பது தற்செயலா?

இல்லை, பார்த்துச் செய்ததுதான். நீங்கள் கேட்பது ஜப்பானில் 1997-ல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ஷின்கான்சென் ரயில். அதன் மூக்கு மட்டுமே 15 மீட்டர்!

சிக்கல் சுரங்கப்பாதைகளில்தான் வந்தது. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ரயில் உள்ளே நுழைந்தால், முன்னால் இருக்கும் காற்றுக்கு ஒதுங்க இடமில்லை. அது நசுங்கி, அழுத்த அலையாக ரயிலை முந்திக்கொண்டு ஓடி, மறுமுனையில் வெடிச்சத்தத்தோடு வெளியே வரும். பக்கத்தில் குடியிருப்பவர்கள் பாவம்தானே.

பொறியாளர் எய்ஜி நகாட்சுவுக்குப் பறவைகளைக் கவனிப்பது பொழுதுபோக்கு. மீன்கொத்தி அவ்வளவு வேகமாகத் தண்ணீரில் பாய்ந்தும் அதிகம் தெறிப்பதில்லை. அலகு நுனியிலிருந்து மெல்ல மெல்லப் பருப்பதால், தண்ணீர் திடீரென்று முட்டித் தள்ளப்படாமல் வழுக்கி விலகுகிறது. சரி, காற்றுக்கும் அதே கணக்குதான் என்று மூக்கை அப்படி வடித்தார்கள்.

அப்புறம், கூரையில் மின்கம்பியை உரசிக்கொண்டு வரும் கருவியும் இரைச்சல் போட்டது. அதற்கு ஆந்தை கைகொடுத்தது. அதன் இறகு விளிம்பில் ரம்பப் பற்கள் போல இருப்பவை காற்றைச் சின்னச் சின்னச் சுழல்களாக உடைத்துச் சத்தத்தைக் குறைக்கின்றன. கருவியிலும் அதே உத்தியை வைத்தார்கள்.