மண்டபம் முகாமில் பிறந்தவருக்குப் பாஸ்போர்ட் நேர்முகம்

கேள்வி: என் பெற்றோர் 1984இல் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். நான் 1986இல் மண்டபம் அகதி முகாமில் பிறந்தேன். தம்பி 1989இல் பிறந்தான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்த என்னை, நேரில் விளக்கம் தரும்படி மதுரைக்கு அழைத்திருக்கிறார்கள். முகாமைப் பற்றி வாய் திறக்க வேண்டாம், வேறு முகவரி ஏற்பாடு செய்கிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். என்ன செய்வது? தம்பியும் விண்ணப்பிக்கலாமா?

பதில்: முகாமை மறைக்காதீர்கள். 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்தியாவில் பிறந்தவர்கள், பெற்றோர் எந்த நாட்டவராயினும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்கிறது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு. பிறந்த தேதியையும் இடத்தையும் நிறுவுவதே உங்கள் வேலை. பிறப்புச் சான்றிதழையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் அசலாக எடுத்துச் செல்லுங்கள்; இரண்டிலும் உங்கள் பெயர், தந்தை பெயர், முதலெழுத்து ஆகியவை ஒத்திருக்கின்றனவா என்று முன்னதாகவே பாருங்கள். பெற்றோர் எப்படி வந்தார்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். முகாம் பதிவில் பெயர் இருப்பதாலோ உதவித்தொகை வாங்கியதாலோ பிறப்புரிமை அழிந்துவிடாது. இதே முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் ‘அகதி’ என்ற சொல்லைக் கண்டதும் கோப்பை ஓரங்கட்டும் வழக்கம் ஒழியவில்லை என்றால், சட்டப் புத்தகம் யாருக்காக அச்சாகிறது என்று தெரியவில்லை.

அந்தப் புரோக்கரின் பேச்சு இராமேசுவரத்திலிருந்து தொண்டி வரை கேட்கிற பழைய பேச்சுதான். அவர் எழுதித் தரும் முகவரிக்கே காவல்துறை விசாரணைக்குப் போகும். அங்கே உங்களை யாரும் அறியார். பொய்த் தகவல் தந்தவர் என்று 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆவது பிரிவில் உங்கள் மீது வழக்கு வந்தால் இரண்டாண்டு வரை சிறை உண்டு. குடிமகன் அல்லாத ஒருவர் தம் நாட்டுரிமையை மறைத்து விண்ணப்பித்தால் குறைந்தது ஓராண்டு, கூடினால் ஐந்தாண்டு. அப்போது புரோக்கரின் கைபேசி அணைந்திருக்கும். விண்ணப்பத்தில் இருப்பதோ உங்கள் கையெழுத்து.

ஆகவே தம்பியை அவரிடம் அனுப்பவே அனுப்பாதீர்கள். 1.7.1987 முதல் பிறந்தவருக்கு இங்கே பிறந்திருப்பது மட்டும் போதாது. 1989இல் பிறந்த தம்பியைப் பொறுத்தவரை, அவர் பிறந்த நாளில் தாயோ தந்தையோ இந்தியக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும். பாட்டி தங்கச்சிமடத்துக்காரராக இருந்தாலும், தம்பி பாம்பனில் பெண் எடுத்திருந்தாலும் அது இதற்கு உதவாது. ஆனால் உங்கள் தாயே 1950க்குப் பின் இந்தியாவில் பிறந்து, சிறுவயதில் அக்கரைக்குப் போய், அந்நாட்டுக் குடியுரிமை பெறாமலே திரும்பியவர் என்றால், அவருடைய பிறப்புப் பதிவைத் தேடிப் பார்க்கத்தான் வேண்டும். அங்கே விரும்பிக் குடியுரிமை பெற்றிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

நேர்முகத்தில் வாய்மொழியாக ‘முடியாது’ என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் பதிந்து, கேட்டால் நகல் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. மேல்முறையீட்டுக்குப் போகும்போது அந்த நகல் கையில் இருக்கட்டும்.