சமையலறை ஜன்னலோரம் எள் அளவில் பழுப்பு வண்டுகள்: மூட்டைப்பூச்சியா?

மும்பை செம்பூரில் இருக்கிறீர்கள், மழை தொடங்கியதும் இந்தப் பூச்சிகள் வந்தன என்கிறீர்கள். கவலை வேண்டாம், மூட்டைப்பூச்சிக்குப் பறக்கும் சிறகு கிடையாது. முதுகில் நடுக்கோடு போட்டதுபோல் இரண்டு கெட்டி ஓடுகள் சேர்ந்திருந்தால் அது வண்டுதான்.

ஜன்னலில் தேடாதீர்கள். வெளிச்சத்துக்கு அங்கே வருகின்றன. பிறந்த இடம் டப்பாக்கள்தான். ஒன்றை வெள்ளைத் தாளில் போட்டு, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். தும்பிக்கைபோல் நீண்ட மூக்கும், முதுகில் நான்கு மங்கலான செம்புள்ளிகளும் இருந்தால் அரிசி வண்டு. மூக்கில்லாமல் தட்டையாக, செம்பழுப்பாக இருந்தால் மாவு வண்டு. ரவை, மைதாவைப் பாருங்கள். பச்சைப்பயறில் வட்ட ஓட்டையும் வெள்ளைப் பொட்டுகளாக முட்டையும் தெரிந்தால் பயறு வண்டு.

என் சந்தேகம் நான்காவதன்மேல்: முதுகு கூனி, தலை கீழே மறைந்திருக்கும் சிகரெட் வண்டு. பெயர் புகையிலையால் வந்தது, ஆனால் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் எல்லாவற்றிலும் வளரும். காரத்தில் பூச்சி வராது என்று நம்பித்தான் பலர் அந்த டப்பாவைத் திறந்தே பார்ப்பதில்லை.

உருண்டையாக, வெள்ளையும் பழுப்பும் கலந்த திட்டுகளோடு இருந்தால் மட்டும் பீரோவைத் திறங்கள். அந்தக் கம்பள வண்டின் மயிரடர்ந்த புழு பட்டுப்புடவையை அரித்துவிடும்.

அரிசியைச் சலித்தால் போதாது, புழு மணிக்குள்ளேயே வளர்கிறது. ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். உணவு இருக்கும் அலமாரியில் மருந்து மட்டும் அடிக்காதீர்கள்.