நான்கு அட்டை, ஒரே பாட்டு

கேள்வி: கொரிய இசைக்குழு ஒன்றின் புது ஆல்பம் நான்கு விதமான அட்டைகளில் வந்திருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பாட்டுகள்தான். என் மகள் நான்கும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். இசையை நம்பி விற்ற காலம் போய், அட்டையையும் விளம்பரத்தையும் காட்டி விற்கும் காலம் வந்துவிட்டதா?
– வாசகி ஒருவர்

பதில்: அந்தக் காலம் வந்து எண்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது, அம்மா. 1940 வரை பெரும்பாலான இசைத்தட்டுகள் வெறும் பழுப்பு உறையில்தான் கடைக்கு வந்தன. கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர், அட்டையில் படம் போடலாம் என்று முதலாளிகளைச் சம்மதிக்க வைத்தார். முதல் அட்டைக்காக நியூயார்க் தியேட்டர் ஒன்றின் முகப்பில் விளக்கு எழுத்துகளையே மாற்றி வைத்துப் படம் எடுத்தார்கள். செலவு கூடுமே என்று தயங்கிய நிறுவனம், விற்பனையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது.

கண்ணுக்கு அழகாக இருக்கத்தான் அட்டை என்று நினைத்தால் பாதிதான் சரி. இந்த இசை யாருக்கு, யாருக்கு இல்லை என்று கடையிலேயே ஆளைப் பிரித்துவிடுவதுதான் அதன் முதல் வேலை.

1950களின் பின்பாதியில் ப்ளூ நோட் நிறுவனத்தின் ஜாஸ் தட்டுகளுக்கு ரீட் மைல்ஸ் வடிவமைத்த அட்டைகளைத் தேடிப் பாருங்கள். பிரான்சிஸ் உல்ஃப் எடுத்த கருப்பு வெள்ளைப் படம். வாசிப்பவரின் முகத்தை நெற்றியோடு வெட்டி ஓரத்தில் தள்ளியிருப்பார் மைல்ஸ். மேலே ஒரே ஒரு வண்ணம். மீதி இடமெல்லாம் எழுத்து, அதுவும் சில சமயம் படத்தைவிடப் பெரிதாக. எல்லா வண்ணத்திலும் அச்சடிக்கக் கட்டுப்படியாகாத சின்ன நிறுவனத்தின் சிக்கனம் அது. அந்தச் சிக்கனமே பின்னால் ஜாஸ் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று பதிந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய ஈடுபாடு கிடையாது. அவருக்குப் பிடித்தது மேற்கத்திய செவ்வியல் இசை. தட்டைக் கேட்காவிட்டாலும், அதை வாங்குகிறவர் தன்னை எப்படிப்பட்ட ஆளாகக் காட்டிக்கொள்ள விரும்புகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

விரட்டியும் விற்கலாம். 1977இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஆல்பத்துக்கு ஜேமி ரீட் செய்தது, கண்ணைக் குத்தும் மஞ்சளில், மிரட்டல் கடிதம் மாதிரி வெட்டி ஒட்டிய எழுத்துகள். பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டும், அதைப் பார்த்துப் பிள்ளைகள் வாங்க வேண்டும். அப்புறம் அமெரிக்காவில் பெற்றோர் அமைப்பு ஒன்றின் நெருக்குதலால், ஆபாச வரிகள் உள்ள ஆல்பங்களுக்குக் கருப்பு வெள்ளையில் எச்சரிக்கை முத்திரை வந்தது. பதினைந்து வயதுப் பையனுக்கு அதைவிட நல்ல விளம்பரம் யார் எழுதித் தர முடியும்?

விளம்பரத்தில் இதை நேர் எதிராகச் செய்தது ஆப்பிள். 2003இல் வந்த ஐபாட் விளம்பரங்களில் பளீரென்ற ஒற்றை வண்ணப் பின்னணி, அதில் ஆடும் கருநிழல் உருவம். முகம் இல்லை, வயது இல்லை. பார்ப்பவர் தன்னையே அங்கே வைத்துக்கொள்ளலாம். வெள்ளையாக இருப்பது கருவியும் இயர்போன் வயரும் மட்டும்தான். கருவி சட்டைப் பைக்குள் போனாலும் வயர் வெளியே தொங்கும். பணம் கொடுத்து வாங்கியவரே நடமாடும் விளம்பரம்!

நீங்களும் நானும் இதில் சிக்காதவர்கள் என்று பெருமைப்பட வேண்டாம். ‘நான் அட்டையைப் பார்த்து வாங்குகிறவள் இல்லை’ என்பவர்களுக்கென்றே அட்டை உண்டு. மேற்கத்திய செவ்வியல் இசைத்தட்டுகளை வெளியிடும் டாய்ச் கிராமஃபோன் நிறுவனத்தின் மஞ்சள் கட்டத்தைப் பாருங்கள்: இசையமைப்பாளர் பெயர், வாத்தியக் குழுவை நடத்துபவர் பெயர், அடக்கமான எழுத்து. ரசனை உள்ளவர் நீங்கள் என்று அது மெதுவாகத் தட்டிக்கொடுக்கிறது. அதுவும் ஆள் பிடிக்கிற வேலைதான்.

சரி, உங்கள் மகள் விஷயம். பாட்டுக் கேட்க அவளுக்கு ஃபோன் போதும். அந்த ஆல்பப் பெட்டி வைத்துக்கொள்வதற்கும் தோழிகளிடம் காட்டுவதற்கும். அதில் தப்பு சொல்ல மாட்டேன். எனக்கு உறுத்துவது உள்ளே இருக்கும் ஃபோட்டோ கார்டு. குழுவில் யாருடைய படம் வரும் என்பது பெட்டியைப் பிரித்தால்தான் தெரியும். பிடித்தவர் வராவிட்டால் இன்னொரு பெட்டி. இதை வடிவமைப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்; சிறுசுகளுக்கு விற்கும் லாட்டரி. போதாததற்கு ஒவ்வொரு பெட்டியும் விற்பனைக் கணக்கில் தனியாக ஏறும், குழுவை நாமே மேலே ஏற்றிவிட்டோம் என்ற பூரிப்பு வேறு.

நான்கும் எதற்கு என்று அவளிடம் கேட்காதீர்கள், சண்டைதான் வரும். யாருடைய கார்டு வேண்டும் என்று கேளுங்கள். அநேகமாக ஒரே ஒரு பெயர்தான் வரும். பிடித்த அட்டையில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வேறு கார்டு வந்தால் ரசிகர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். எங்கே, எப்படி என்று அவளுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.