தரையை உடைக்கும் முன் சேம்பரைத் திறந்து அளந்து பாருங்கள்

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைக்கு அருகிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயதான அம்மாவின் படுக்கையறையில் சின்னதாக ஒரு வாஷ்பேசின் வைக்க வேண்டும். கழிவுநீர் பைப் பின்பக்கச் சேம்பர் (கழிவுநீர் சேரும், மூடி போட்ட தொட்டி) வரை சுமார் 10 அடி போக வேண்டும். இடையில் ஒரு கதவு இருப்பதால் சுவரோடு கொண்டுபோக வழியில்லை. கீழ்த்தளம், டைல்ஸ் ஒட்டிய கான்கிரீட் தரை. பாறசாலையிலிருந்து வந்த கொத்தனார், பிரேக்கர் வைத்து ஒரே நாளில் உடைத்துவிடலாம் என்கிறார். வீட்டுக்கு ஆபத்து வருமா?"

வீட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கீழ்த்தளத் தரை பொதுவாக, பேஸ்மெண்டுக்குள் நிரப்பிய மண்ணின் மேல் கிடக்கிற கம்பியில்லாத கான்கிரீட். சுவர்களின் பாரம் அஸ்திவாரத்துக்குத்தான் போகிறது, தரைக்கு வருவதில்லை. நான் பயப்படுவது வேறொன்றுக்கு: உடைத்து முடித்த பிறகு பைப்புக்கு வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) கிடைக்காமல் போவது.

அதனால் முதல் வேலை சேம்பர் மூடியைத் திறப்பது. மட்டக் குழாயில் (மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் டியூபில்) தண்ணீர் நிரப்பி, வீட்டின் தரை மட்டத்தைச் சேம்பர் சுவரில் குறியுங்கள். அங்கிருந்து கீழே தண்ணீர் ஓடும் வாய்க்கால் எத்தனை இஞ்ச் என்று அளங்கள். இப்போது கணக்கு. டைல்ஸும் கலவையும் 2 இஞ்ச், கான்கிரீட் 4 இஞ்ச், பைப்பின் மேல் மணல் 1 இஞ்ச், பைப் 3 இஞ்ச். ஆக, தொடங்கும் இடத்திலேயே பைப்பின் அடிப்பாகம் 10 இஞ்ச் ஆழத்தில் இருக்கும். 40 அடிக்கு 1 அடி வாட்டம் என்றால் 10 அடிக்கு 3 இஞ்ச். பைப் சேம்பருக்குள் நுழையும்போது 13 இஞ்ச் ஆழம். வாய்க்கால் அதற்கும் கீழே இருந்தால் தாராளமாக உடைக்கலாம். 8 இஞ்சில் இருந்தால் சம்மட்டியைத் தொடவே வேண்டாம். பேசினை வெளிச்சுவருக்கு மாற்றி, தரைக்கு மேலேயே சுவரில் துளை போட்டு வெளியே எடுத்துவிடுங்கள். இடம் கொஞ்சம் ஒத்துவந்தால் எந்த வீட்டுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்தக் கதவையும் கவனியுங்கள். சுவருக்கடியில் அஸ்திவாரத்தின் மேல் பட்டையாக ஓடும் பெல்ட் கான்கிரீட் போட்டிருந்தால் அது கதவு வாசலுக்குக் கீழேயும் தொடர்ந்து ஓடும். அதில் கம்பி இருக்கும், வெட்டக்கூடாது. அதன் அடியில் குடைந்து பைப்பைச் செருகுங்கள். அதற்கு ஆழம் கூடினால் மேலே சொன்ன கணக்கையும் திருத்திக்கொள்ளுங்கள். பின்சுவரிலும் அப்படித்தான்: பெல்ட்டுக்குக் கீழே கருங்கல் கட்டில் துளை, அதில் ஒரு அளவு பெரிய பைப்பை உறையாக விட்டு அதற்குள் உங்கள் பைப். பள்ளத்தைச் சுவரை ஒட்டி நீளவாக்கில் தோண்டாமல் ஓரடியாவது தள்ளித் தோண்டுங்கள்.

பிரேக்கரை எடுத்த எடுப்பில் வைத்தால் சுற்றியுள்ள டைல்ஸ் எல்லாம் அதிர்ந்து விட்டுப்போகும். வெட்டுக்கல் சுவராக இருந்தால் பூச்சிலும் கீறல் விழலாம். டைல்ஸ் இணைப்புக் கோட்டிலேயே மார்பிள் கட்டரால் இரண்டு பக்கமும் கோடு வெட்டி, ஒரு வரிசை டைல்ஸை மட்டும் எடுங்கள். கட்டர் ஒரு இஞ்ச் சொச்சம்தான் இறங்கும். மீதியை உளியும் சிறிய ஹேமர் மெஷினும் பார்த்துக்கொள்ளும். பள்ளம் 8 இஞ்ச் அகலம் இருந்தால் கை உள்ளே போகும். வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், எனவே என்-95 மாஸ்க் கட்டாயம். அம்மாவை அந்த நாட்களில் வேறு அறையில், முடிந்தால் வேறு வீட்டில் தங்க வையுங்கள். தண்ணீர் விட்டு வெட்டுவதானால் மெஷினுக்கு வரும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பைப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். பேசினிலிருந்து சின்னப் பைப் இறங்கினாலும் தரைக்கடியில் 75 மில்லிமீட்டர் எஸ்டபிள்யூஆர் (கழிவுநீருக்கான பிவிசி பைப்), 'பி' வகை போடுங்கள். 'ஏ' வகை மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும் உள்ளது. திருப்பம் வந்தால் ஒரு 90 டிகிரி பெண்டுக்குப் பதில் இரண்டு 45. பிற்பாடு அடைத்தால் கம்பி விட்டுக் குத்த அதுதான் வழிவிடும்.

ஒட்டி ஒரு நாள் காய்ந்ததும் கீழ்முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து வையுங்கள். மறுநாள் அது இறங்கியிருந்தால் எந்த ஜாயிண்ட் என்று கண்டுபிடிக்காமல் மூட விடாதீர்கள். கொத்தனாருக்கு அவசரமாக இருக்கும், இருக்கட்டும். உங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு. தரைக்கடியில் கசியும் கழிவுநீர் கண்ணுக்குத் தெரியாமலே குடிக்கிற தண்ணீரில் சேரும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே 7.5 மீட்டர் தூரம் வேண்டும் என்று எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளக் கட்டட விதிகள் சொல்வது இதனால்தான். இந்தப் பக்கத்து வீட்டுக்கும் அது நல்ல அளவு.

பிறகு பைப்பைச் சுற்றி எம்-சாண்ட், ஜல்லி எதுவும் பைப்பில் படாமல். பழைய கான்கிரீட்டுக்கடியில் மண் இறங்கிப் பொந்தாக இருந்தால் அதையும் மணலால் அடைத்து, தண்ணீர் விட்டு நன்றாகக் கெட்டிப்படுத்துங்கள். பழைய விளிம்பைக் கழுவி, சிமெண்ட் பால் தடவி, முக்கால் இஞ்ச் ஜல்லியில் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை 4 இஞ்ச். ஈரச்சாக்கு போட்டு 7 நாள் நனைத்த பிறகே டைல்ஸ். மார்ச் மாதத்தில் செய்தால் நல்லது. ஜூனில் இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசியில் துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) வந்தால் பள்ளத்தில் ஊற்று எடுக்கும்.

இதெல்லாம் கீழ்த்தளத்துக்கு மட்டும். மாடித் தரை என்பது கீழ் அறையின் கூரை, கம்பி கட்டிய ஸ்லாப். அதில் பைப்புக்காகக் காடி (நீளப் பள்ளம்) வெட்டக்கூடாது. கம்பியைத் தவிர்த்து நேராக ஒரு துளை போட்டு, பைப்பைக் கீழே தொங்கவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும்.