இதில் நீ செய்தது எது?

வணக்கம் அம்மா. மகளின் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கை "காப்பி அதிகம்" என்று திரும்பி வந்துவிட்டது, இரண்டு வாரத்தில் வேலைக்கான இன்டர்வியூ வேறு இருக்கிறது, எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். அறிக்கையையே முதலில் பார்க்கட்டும். அதை ஒழுங்காகத் திருத்தினாலே இன்டர்வியூவுக்குப் பாதி தயாராகிவிடுவாள்.

காப்பி பார்க்கும் மென்பொருள் காட்டிய சதவீதத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வேறு இடங்களில் உள்ள வரிகளோடு அறிக்கை எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான் மென்பொருள் காட்டுகிறது. மேற்கோள் குறிக்குள் முறையாக எடுத்தாண்ட வரிகளும் அதில் சேர்ந்துவிடலாம். எண்ணைக் குறைக்கிறேன் என்று வார்த்தைகளை மட்டும் மாற்றிப் போடுவதுதான் ஆபத்து. "மண்ணில் ஈரம் குறைந்தால் பயிர் வளர்ச்சி பாதிக்கும்" என்பதை "நிலத்தில் ஈரப்பதம் குறையும்போது செடி வளர்ச்சி தடைபடும்" என்று மாற்றினால் மென்பொருள் விட்டுவிடக்கூடும். ஆனால் பத்தி முழுக்க இப்படியே மாற்றி, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் விட்டால் அதுவும் காப்பிதான்.

மூலக் கட்டுரையை நிதானமாகப் படித்துவிட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். புரிந்ததைத் தன் சொல்லில் எழுதட்டும். அப்புறம் திறந்து ஒப்பிட்டுப் பார்த்து, அந்த வரியின் பக்கத்திலேயே ஆதாரத்தைக் குறிக்கட்டும். கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் முந்தின இரவு தவிக்கிறார்கள். ஆதாரத்தைக் குறிக்கச் சில முறைகள் உண்டு: ஏபிஏ முறையில் ஆசிரியர் பெயரும் ஆண்டும், ஐஇஇஇ முறையில் சதுர அடைப்புக்குள் எண். துறை கேட்பதைப் பின்பற்றினால் போதும். கடைசியில் வரும் ஆதாரப் பட்டியலை வடிவமைக்க ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

ஏஐ தரும் ஆதாரங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இல்லாத கட்டுரையைக்கூட அசல் மாதிரியே தலைப்பு, ஆண்டோடு தந்துவிடும். 2023ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி உருவாக்கிய போலித் தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. தான் திறந்து படிக்காத எதுவும் அவள் பட்டியலில் இருக்கக் கூடாது.

சரி, இன்டர்வியூவுக்கு வருவோம். புராஜெக்ட் பற்றிப் பேச்சு வந்தாலே, "இதில் நீங்கள் செய்தது எது?" என்று கேட்பார்கள். "நாங்கள் சென்சார் வைத்தோம், நாங்கள் புரோகிராம் எழுதினோம்" என்று எல்லாவற்றையும் 'நாங்கள்' என்றே சொல்லும் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதாரத்தோடு எழுதிப் பழகியவளுக்கு இது கஷ்டமே இல்லை: "சுற்று வரைபடம் ஏற்கெனவே வெளியான ஒரு கட்டுரையில் இருந்தது. சென்சார் ஒரே ஈரத்துக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு காட்டியது. பத்து அளவுகளின் சராசரியை எடுக்கும்படி புரோகிராமை மாற்றியது நான்." அடுத்தவருடையதை அடுத்தவருடையது என்று சொன்னதாலேயே, 'நான்' என்று சொன்ன வரியை எதிரே இருப்பவர் நம்புகிறார்.

சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்ற ஸ்டார் முறையைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நல்ல முறைதான், அதில் 'செய்தது' என்ற பகுதிக்கே அதிக நேரம் கொடுக்கட்டும். மனப்பாடம் மட்டும் வேண்டாம். "ஏன் பத்து? ஐந்து போதாதா?" என்று அடுத்த கேள்வி வந்தால் மனப்பாடம் நின்றுவிடும். ஐந்தைச் சோதித்துப் பார்க்கவில்லை என்றால் அதையே சொல்லி, எப்படிச் சோதிப்பாள் என்றும் சொல்லட்டும். அது நல்ல பதில்தான்.

இன்று இரவு அவளை உட்கார வைத்து அறிக்கையை ஒவ்வொரு பத்தியாகச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிய வேண்டியதில்லை. "இது எங்கே படித்தது? இதில் நீ செய்தது எது?" என்ற இரண்டு கேள்விகள் போதும். அவள் தடுமாறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நாளை திருத்தத்தை அங்கிருந்தே தொடங்கட்டும்.